வெப்சைட்ல படம் போடுறது எப்படி: ஒரு சுங்குடிப் புடவைக் கடைய வச்சு சொல்றேன்

சின்னாளப்பட்டில எங்க அத்தை ஒருத்தங்க சுங்குடிப் புடவை வியாபாரம் பண்றாங்க. மூணு வருஷம் முன்னாடி அவங்களுக்கு வெப்சைட் போட்டுக் குடுத்தது நான்தான், போட்ட அன்னைக்கு ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு, அதாவது என் வீட்டு வைஃபைல என் லேப்டாப்ல நல்லா இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு அத்தை ஃபோன் பண்ணி, "திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீச்சரம்மாகிட்ட காட்டலாம்னு திறந்தேன்டா, படம் வர்றதுக்குள்ள அவங்க பஸ் வந்துருச்சு"ன்னாங்க. உக்காந்து பாத்தா முகப்புப் பக்கம் மட்டும் 31 எம்பி. போன்ல எடுத்த போட்டோவ அப்படியே தூக்கிப் போட்டிருக்கேன், 8 படம், ஒவ்வொண்ணும் 4 எம்பிக்குக் கிட்ட. தப்பு முழுக்க என்னோடது.

அதுக்கப்புறம் அந்த சைட்ட மூணு தடவ பிரிச்சு மேஞ்சாச்சு. அதுல தெரிஞ்சுக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன். புடவைக் கடைன்னு சொன்னாலும் பேக்கரி, மாடித்தோட்டம், டியூஷன் சென்டர் எதுக்கு சைட் பண்ணாலும் தொண்ணூறு பர்சன்ட் இதே கததான்.

முதல்ல ஒரு கேள்வி, இந்தப் படம் என்ன வேலை பாக்குது?

ஒவ்வொரு படத்தையும் போடுறதுக்கு முன்னாடி இதக் கேட்டே ஆகணும். என் முதல் வெர்ஷன்ல முகப்புல கைகுலுக்குற வெள்ளக்காரர் ரெண்டு பேரு படம் இருந்துச்சு, "நம்பிக்கை"ன்னு தலைப்பு போட்டு. சுங்குடிப் புடவைக்கும் கோட் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்னு இப்ப யோசிச்சா சிரிப்பா வருது. வெப்சைட்ட ஜனங்க எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சன் 2010லயே கண்ணு எங்க போகுதுன்னு ட்ராக் பண்ணிப் பாத்து எழுதியிருக்காரு, பக்கத்த நிரப்புறதுக்காகப் போட்ட அலங்காரப் படத்த ஜனங்க கண்டுக்காமலே தாண்டிப் போறாங்க, விஷயம் உள்ள படம், உண்மையான ஆளுங்க, உண்மையான பொருள் இதையெல்லாம் நின்னு பாக்குறாங்கன்னு. நம்ம ஊர்ல இது தெரியறதுக்கு ஆராய்ச்சியே வேண்டாம், கடை வாசல்ல பொம்மைக்குக் கட்டுன புடவையத் தொட்டுப் பாக்குறவங்க போஸ்டர்ல இருக்குற மாடல் பொண்ண எங்க பாக்குறாங்க.

வேலைன்னா என்னன்னு கேட்டீங்கன்னா, புடவைக் கடைல ஒரு படம் நாலே வேலைதான் பாக்க முடியும். கலர் இதுதான்னு சொல்லணும், இல்ல நெசவும் புள்ளியும் கிட்டத்துல எப்படின்னு காட்டணும், இல்ல பார்டர் எவ்வளவு அகலம், முந்தி எப்படி விழும்னு அளவு காட்டணும், இல்லன்னா இத விக்கிறவங்க நிஜமான மனுஷங்கன்னு காட்டணும். இதுல ஒண்ணுகூட செய்யாத படத்த எடுத்துருங்க. எடுத்ததும் பக்கம் பாதி எடை குறைஞ்சுரும், ஒரு டெக்னிக்கும் தெரிய வேண்டியதில்ல.

அப்புறம் அந்த தானா நகர்ற ஸ்லைடர். எல்லா கஸ்டமரும் கேப்பாங்க, அத்தையும் கேட்டாங்க, "அந்த ஜவுளிக்கடை சைட்ல ஓடுதே அது மாதிரி". அமெரிக்கால நோட்ர டாம் யூனிவர்சிட்டி சைட்ல எரிக் ரன்யன்ங்கறவரு 2013ல கணக்கெடுத்து வெளியிட்டாரு, வந்தவங்கள்ல சுமார் 1 பர்சன்ட்தான் ஸ்லைடர க்ளிக் பண்ணிருக்காங்க, அந்த க்ளிக்லயும் 84 பர்சன்ட் முதல் ஸ்லைடுக்கே போயிருக்கு. அப்ப மீதி ஸ்லைடெல்லாம் யாருக்காக லோட் ஆகுது? நல்லதா ஒரே ஒரு படம் வைங்க, கீழ மத்தத வரிசையா அடுக்குங்க, கட்ட விரலால தள்ளிப் பாக்குறது எல்லாருக்கும் பழக்கம்தான்.

போட்டோ எடுக்குறப்பவே பாதி வேலை

எடுக்குறப்ப கோட்ட விட்டுட்டு அப்புறம் ஃபோட்டோஷாப்ல சரி பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க. பெரிய கேமரால்லாம் தேவையில்ல, அத்தை வீட்டுத் திண்ணைதான் எங்க ஸ்டூடியோ. காலைல பத்து மணி சுமாருக்கு, வெயில் நேரா விழாத எடத்துல, வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து வர்ற மாதிரி புடவைய விரிச்சு, எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளச் சார்ட்டோ தெர்மாகோலோ நிறுத்தினா நிழல் பக்கம் இருண்டு போகாது. ட்யூப்லைட்ட அணைச்சிருங்க. பகல் வெளிச்சமும் ட்யூப்லைட்டும் கலந்தா ஒரே புடவை ஒரு ஓரத்துல நீலம் பூத்தும் இன்னொரு ஓரத்துல மஞ்சள் பூத்தும் தெரியும், அத எந்த ஆப்பும் ஒழுங்கா சரி பண்ணாது.

சிவப்பு, அரக்கு, வாடாமல்லி மாதிரி அடர்ந்த கலர் எடுக்குறப்ப ஒரு விஷயம் கவனிங்க. போன் கேமரா தன்னால சிவப்பத் தூக்கிக் காட்டும், அதுவும் வெளிச்சம் கொஞ்சம் கூடிருச்சுன்னா சிவப்பு சேனல் நெரம்பி வழிஞ்சு துணியோட மடிப்பு, நூல் எல்லாம் ஒரே திட்டா அப்பிக்கும். ஸ்க்ரீன்ல புடவைய அமுக்கிப் பிடிச்சு ஃபோகஸ லாக் பண்ணிட்டு, வெளிச்சத்த ஒரு இழை குறைச்சு எடுங்க. ஏஐ என்ஹான்ஸ், பியூட்டி, அழகு மோடு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருங்க. அத்தைக்கு வந்த முதல் ரிட்டர்ன் இதனாலதான், அரக்குன்னு அனுப்புனத வாங்குனவங்க படத்துல தக்காளிச் சிவப்பா பாத்துட்டு ஆர்டர் பண்ணிருந்தாங்க. இப்ப நாங்க முதல் ஷாட்ல புடவை மேல ஒரு ஏ4 தாள் வச்சு எடுத்துக்குறோம், அந்தத் தாள் வெள்ளையா தெரியுற வரைக்கும் வைட் பேலன்ஸ மாத்தி, அதே மாத்தத்த அந்த செட்டு முழுக்க போடுறோம். இவ்வளவும் பண்ணாலும் ஒவ்வொரு போன் ஸ்க்ரீனும் ஒவ்வொரு மாதிரிதான் காட்டும், அதனால கலர் பேர எழுத்துலயும் எழுதிருங்க. மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எம்.எஸ். ப்ளூன்னு நம்மகிட்ட இருக்குற பேரெல்லாம் ஸ்க்ரீன விட துல்லியம்.

ஒரு புடவைக்கு எத்தன படம்? எங்க கணக்கு நாலு. முழுசா மடிச்சு ஒண்ணு, முந்தி ஒண்ணு, யாராவது கட்டிட்டு நிக்கிறது ஒண்ணு, புள்ளிய ரொம்பக் கிட்டத்துல ஒண்ணு. கடைசி படம்தான் யாவாரத்த முடிச்சு வைக்குது. கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துன சுங்குடில புள்ளி ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் மாறித்தான் இருக்கும், அச்சுல போட்டதுன்னா அத்தனையும் ஒரே அச்சா இருக்கும். தெரிஞ்சவங்க அதத்தான் தேடுறாங்க. மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு கிடைச்சிருச்சுன்னு பக்கத்துல பத்தி பத்தியா எழுதுறத விட, பார்டர் ஓரத்துல ஒரு விரல வச்சு கிட்டத்துல எடுத்த ஒரு படம் அளவு, நெசவு, கைவேலை மூணையும் ஒரே நேரத்துல சொல்லிருது.

டிஜிட்டல் ஜூம் மட்டும் பண்ணாதீங்க, காலால கிட்டப் போங்க.

பிக்சல் கணக்கு

இதுதான் நான் கோட்ட விட்ட எடம். சாதாரண 12 மெகாபிக்சல் போட்டோன்னா 4000க்கு 3000 பிக்சல். பாக்குறவங்க போன் எவ்வளவு? பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன் ஸ்க்ரீன் அகலம் 1080 பிக்சல், சிலதுல 720. அப்ப நீங்க அனுப்புற பிக்சல்ல பத்துல ஒரு பங்குதான் கண்ணுக்கே போகுது, மீதிய அவங்க டேட்டால வாங்கி போன் கீழ கொட்டுது. அது மட்டுமில்ல, ஃபைல் சைஸக் குறைச்சுட்டேனேன்னு இருந்துராதீங்க, போன் அந்தப் படத்த விரிக்கிறப்ப ஒரு பிக்சலுக்கு 4 பைட் கணக்குல மெமரி எடுக்கும், 4000 பெருக்கல் 3000 பெருக்கல் 4, அதாவது 48 எம்பி, ஒரே படத்துக்கு. எட்டுப் படம்னா பழைய போன் திணறாம என்ன செய்யும்? அதனால கம்ப்ரெஸ் பண்ணி அமுக்குறது மட்டும் பத்தாது, அளவையும் குறைக்கணும்.

எங்க சைட்ல ரெண்டு புடவை பக்கம் பக்கமா நிக்கிற மாதிரி லிஸ்ட் இருக்கு. ஸ்க்ரீன் 1080ன்னா ஒவ்வொண்ணுக்கும் ஐநூறு சொச்சம் பிக்சல்தான் எடம். அதனால ஒவ்வொரு படத்தையும் மூணு அளவுல வச்சிருக்கோம், லிஸ்ட்டுக்கு 500, புடவையத் திறந்தா 1080, பெருசு பண்ணிப் பாக்குறதுக்கு 1600. எந்த ஸ்க்ரீனுக்கு எதுன்னு பிரவுசரே எடுத்துக்குறதுக்குத்தான் ஐஎம்ஜி டேக்ல, அதாவது படத்தப் பக்கத்துல வைக்கிற ஹெச்டிஎம்எல் கோடுல, எஸ்ஆர்சிசெட், சைஸஸ்னு ரெண்டு அட்ரிப்யூட் இருக்கு. எஸ்ஆர்சிசெட்ல என்னென்ன அகலத்துல படம் இருக்குன்னு சொல்றோம், சைஸஸ்ல பக்கத்துல இந்தப் படம் எவ்வளவு எடம் பிடிக்கும்னு சொல்றோம். ரெண்டாவத எழுதாம விட்டா பிரவுசர் படம் ஸ்க்ரீன் முழுக்க வரும்னு நினைச்சு பெருசையே இழுக்கும், நிறைய பேரு இங்கதான் வழுக்கி விழுறாங்க.

வேர்ட்பிரஸ்ல பண்றவங்களுக்குப் பாதி வேலை மிச்சம், 4.4 வெர்ஷன்ல இருந்தே, அதாவது 2015 கடைசில இருந்தே, அதுவா பல அளவு வெட்டி எஸ்ஆர்சிசெட்டும் போட்டுருது. 5.3க்கு அப்புறம் 2560 பிக்சலுக்கு மேல உள்ளதயும் குறைச்சுரும். ஆனாலும் தீம் பண்ணவன் சைஸஸ்ல என்ன எழுதி வச்சிருக்கான்னு ஒரு தடவ பாத்துருங்க. ஸ்லைடர் பிளகின், பேக்ரவுண்ட் படம் இதெல்லாம் அந்தக் கணக்குல வராம ஒரிஜினலயே இழுக்குறத நான் பல தடவ பாத்திருக்கேன்.

ஃபார்மட், அந்த சிவப்புப் புள்ளி பிரச்சன

போட்டோவா, வெப்பி. லோகோ, ஐக்கான் மாதிரி கோட்டால வரைஞ்சதா, எஸ்விஜி. ஸ்க்ரீன்ஷாட், பின்னாடி ஒண்ணும் இல்லாத கட்டவுட் மாதிரி ஏதாவதுன்னா பிஎன்ஜி இல்ல தரம் துளியும் குறையாம சேமிக்கிற (லாஸ்லெஸ்) வெப்பி. ஜிஃப் வேண்டவே வேண்டாம், 1987ல வந்த சாமான், 256 கலருக்கு மேல தெரியாது, புடவை அசையுறதக் காட்டணும்னா சத்தமில்லாத சின்ன எம்பி4 வீடியோ அதவிட ரொம்ப லேசு. இவ்வளவுதான், தொண்ணூறு பர்சன்ட் நேரம் இதுக்கு மேல யோசிக்க வேண்டியதில்ல.

வெப்பிய கூகுள் 2010ல கொண்டு வந்துச்சு, அதே தரத்துல ஜேபெக்க விட 25ல இருந்து 34 பர்சன்ட் வரைக்கும் சின்னதா வரும்னு அவங்களே சொல்றாங்க, நான் பாத்த வரைக்கும் கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு. சஃபாரில 2020ல வந்ததுக்கப்புறம் எல்லா பிரவுசரும் படிக்குது. ஏவிஐஎஃப்னு அதுக்கும் இளையவன் ஒண்ணு இருக்கு, இன்னும் சின்னதா வரும், ஆனா உருவாக்குறதுக்கு நேரம் பிடிக்கும். ஐபோன்ல எடுக்குறவங்க மட்டும் ஹெச்ஈஐசி ஃபைல அப்படியே ஏத்திராதீங்க, குரோம்ல திறக்காது. செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ் போயி மோஸ்ட் கம்பேட்டிபிள்னு மாத்திட்டா ஜேபெக்காவே எடுக்கும்.

இப்ப அந்தப் பிரச்சன. அத்தைகிட்ட ரத்தச் சிவப்புல கடுகளவு வெள்ளப் புள்ளி போட்ட புடவை ஒண்ணு இருந்துச்சு. போட்டோல பளிச்சுன்னு இருந்த புள்ளி, அமுக்குனதும் அழுக்கான ரோஸ் கலராகி ஓரமெல்லாம் கசிஞ்ச மாதிரி ஆயிருச்சு. குவாலிட்டிய 80, 85, 90னு ஏத்திப் பாக்குறேன், அப்படியேதான் இருக்கு. ரெண்டு நாள் மண்டையப் பிச்சுக்கிட்டு அப்புறம்தான் புரிஞ்சுது. ஜேபெக் படத்த வெளிச்சம் தனி, கலர் தனின்னு பிரிச்சு வைக்கும். நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்த நுணுக்கமா பாக்கும், கலர் வித்தியாசத்துல கொஞ்சம் மந்தம், அதனால வழக்கமான செட்டிங்ல கலர மட்டும் நீளத்துல பாதி அகலத்துல பாதின்னு குறைச்சு, நாலு பிக்சலுக்கு ஒரே கலர்னு வச்சுரும். முகம், மரம், வானம் எல்லாத்துக்கும் இது தெரியவே தெரியாது. ஆனா அடர் சிவப்பு மேல ரெண்டு மூணு பிக்சல் அகல வெள்ளப் புள்ளின்னா, பக்கத்து சிவப்பு புள்ளிக்குள்ள வழிஞ்சுரும். சாயம் போற புடவைய வெள்ள வேட்டியோட ஊறப் போட்ட மாதிரிதான்.

சரி பண்றதுக்கு, ஸ்கூஷ்னு கூகுள் குரோம் ஆளுங்க பண்ண ஒரு இலவச டூல் இருக்கு, பிரவுசர்லயே ஓடும், படம் உங்க மெஷின விட்டு வெளிய போகாது. அதுல மோஸ்ஜேபெக்ங்கற ஜேபெக் ஆப்ஷன எடுத்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸத் திறந்தா, இந்தக் கலர் குறைக்கிற வேலைய, அதாவது குரோமா சப்சாம்பிளிங்க, ஆட்டோல இருந்து எடுத்து 1னு வைக்கலாம். ஃபைல் கொஞ்சம் பெருகும், புள்ளி பொழச்சுக்கும். வழக்கமான வெப்பி எப்பவும் கலரப் பாதியாக்கித்தான் வைக்கும், ஆனா அதுல ஷார்ப் ஆர்ஜிபி டு ஒய்யுவின்னு ஒரு டிக் இருக்கு, அதப் போட்டா பெருமளவு சரியாகுது. கடைல அம்பது புடவை இருந்தா நாலஞ்சுக்குத்தான் இந்த வைத்தியம் தேவைப்படும், மத்ததுக்கு வெப்பி 75ல ஆரம்பிச்சு, நடுக்கோட்ட இழுத்து ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாத்துட்டு, வித்தியாசம் தெரியாத வரைக்கும் இறக்கிக்கிட்டே போங்க. ஒரு ஃபார்மட்ல 75ங்கறதும் இன்னொண்ணுல 75ங்கறதும் ஒண்ணு கிடையாது, அதனால நம்பர நம்பாம கண்ண நம்புங்க. 4 எம்பி படம் இப்ப 1080 அகலத்துல 150 கேபி சுமாருக்கு நிக்குது.

பக்கம் குதிக்காம இருக்க

நீங்களே அனுபவிச்சிருப்பீங்க, ஒரு பட்டன அமுக்கப் போறப்ப மேல ஏதோ ஒரு படம் லோட் ஆகி பக்கம் படக்குன்னு கீழ எறங்கி வேற எதையோ அமுக்கிருவோம். காரணம் ஒண்ணே ஒண்ணு, படம் எவ்வளவு எடம் பிடிக்கும்னு பிரவுசர்கிட்ட சொல்லாம விட்டது. ஐஎம்ஜி டேக்ல விட்த், ஹைட் ரெண்டையும் எழுதிருங்க, 1080, 1440னு நிஜமான பிக்சல் அளவையே எழுதலாம், பிரவுசர் அந்த விகிதத்த வச்சு முன்னாடியே எடம் ஒதுக்கிரும், சிஎஸ்எஸ்ல ஹைட் ஆட்டோன்னு குடுத்துட்டா போன்ல சரியா சுருங்கிக்கும். கூகுள் இதத்தான் சிஎல்எஸ்னு அளக்குது, 0.1க்குள்ள இருந்தா பாஸ்.

லேஸி லோடிங் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, லோடிங் அட்ரிப்யூட்ல லேஸின்னு எழுதிட்டா அந்தப் படம் ஸ்க்ரீனுக்குக் கிட்ட வர்றப்பதான் டவுன்லோட் ஆகும், நல்ல விஷயம். ஆனா பக்கத்தத் திறந்ததுமே தெரியுற முதல் பெரிய படத்துக்கு இதப் போட்டுராதீங்க. அவசரமா வேண்டியத "மெதுவா வா"ன்னு சொல்ற கத ஆயிரும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் ஃபெட்ச் பிரயாரிட்டி ஹைன்னு குடுங்க. முதல் பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள வந்துரணும்ங்கறதுதான் கூகுளோட எல்சிபி கணக்கு. எல்லாத்துக்கும் கண்ண மூடிட்டு லேஸி போடுற பிளகின்கள் இருக்கு, அதுல முதல் படத்த விட்டுருன்னு சொல்ற ஆப்ஷன் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், தேடிப் பிடிங்க.

ஆல்ட் டெக்ஸ்ட்

படத்துக்குப் பதிலா வாசிக்கிறதுக்காக ஐஎம்ஜி டேக்ல எழுதுற வாக்கியம் இது. இத எழுதாதவங்கதான் அதிகம், எழுதுறவங்கள்லயும் பாதிப் பேரு கூகுளுக்காக எழுதுறாங்க. "சுங்குடி புடவை காட்டன் புடவை குறைந்த விலை புடவை மதுரை புடவை"ன்னு. இது யாருக்கும் பிரயோஜனமில்ல. ஆல்ட்ங்கறது கண்ணு தெரியாத ஒருத்தருக்கு, இல்ல படம் லோட் ஆகாம நின்ன ஒருத்தருக்கு, அந்தப் படத்துக்குப் பதிலா நீங்க வாயால சொல்ற வாக்கியம். கடைக்கு ஃபோன் பண்ணி "அந்தப் புடவை எப்படி இருக்கும்"னு கேட்டா அத்தை என்ன சொல்லுவாங்க? "அரக்குல வெள்ளப் புள்ளி, ரெண்டு விரக்கட அகலத்துக்கு மாம்பழ மஞ்சள் பார்டர்"ம்பாங்க. அதுதான் ஆல்ட். அத அப்படியே எழுதுங்க, முன்னாடி "படம்:"னு கூட சேக்க வேண்டாம், கண்ணு தெரியாதவங்களுக்குப் பக்கத்த வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் தானே அது படம்னு சொல்லிரும்.

வெறும் அலங்காரக் கோலம், டிசைன் கோடு இதுக்கெல்லாம் ஆல்ட்ட காலியா விடுங்க, காலியா விடுறதுன்னா மேற்கோள் குறி ரெண்டும் இருக்கணும், உள்ள ஒண்ணும் இருக்கக்கூடாது. ஆல்ட்டே எழுதாம விட்டா சில ஸ்க்ரீன் ரீடர் ஃபைல் பேர வாசிக்க ஆரம்பிச்சுரும், "ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் இரண்டு பூஜ்யம் இரண்டு"ன்னு, கேக்குறவங்க பாடு பாவம். படத்த அமுக்கினா வேற பக்கம் போகும்னா ஆல்ட்ல எங்க போகும்னு சொல்லுங்க. பக்கம் எந்த மொழின்னு சொல்ற லாங் அட்ரிப்யூட்ல தமிழுக்கான டிஏன்னு போட்டிருக்கான்னும் பாத்துருங்க, இல்லன்னா இங்கிலீஷ் குரல் தமிழ வாசிக்க முயற்சி பண்ணிக் கொதறிரும். சோதிச்சுப் பாக்கணும்னா ஆண்ட்ராய்ட்ல இருக்குற டாக்பேக்ங்கற ஸ்க்ரீன் ரீடர ஆன் பண்ணிட்டு, கண்ண மூடிக்கிட்டு உங்க சைட்ல ஒரு புடவை வாங்கிப் பாருங்க. நான் மூணாவது நிமிஷமே கண்ணத் திறந்துட்டேன், அன்னைக்கு ராத்திரியே அத்தன ஆல்ட்டையும் மாத்தி எழுதுனேன்.

படத்துக்குள்ள எழுத்து

ஆடி வந்தா அத்தை ஒரு ஃப்ளெக்ஸ் டிசைனர்கிட்ட சொல்லி "ஆடித் தள்ளுபடி" பேனர் பண்ணி வாட்ஸப்ல அனுப்பிருவாங்க, இத முகப்புல போடுன்னு. பேனர் 1200 பிக்சல் அகலம், அதுல விலை எழுதுன எழுத்து 30 பிக்சல் உயரம். போன்ல அந்த பேனர் 360 அகலத்துக்குச் சுருங்குறப்ப எழுத்து 9 ஆயிரும், அதுல தமிழ் எழுத்தோட சுழியும் கொம்பும் ஈ மொய்ச்ச மாதிரி இருக்கும். தேடுனா வராது, காப்பி பண்ண முடியாது, பெருசு பண்ணினா மங்கும், தேதி மாறினா டிசைனரத் தேடி ஓடணும். ஒரு காலத்துல நமக்கு வேற வழி இல்ல, பாமினி, டிஸ்கின்னு ஆளுக்கொரு எழுத்துமுறை வச்சிருந்தப்ப பாக்குறவங்க கம்ப்யூட்டர்ல ஃபாண்ட் இல்லன்னா ஜிலேபியா தெரியும், அதுக்குப் பயந்தே தலைப்ப படமாப் போட்ட சைட்டெல்லாம் உண்டு. எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியுற யூனிகோட் வந்து இவ்வளவு வருஷம் கழிச்சும் அதையே பண்றதுக்குக் காரணம் பழக்கம்தான், வேற ஒண்ணுமில்ல.

படத்த எழுத்தில்லாம வாங்கிக்கோங்க, எழுத்த ஹெச்டிஎம்எல்லா மேல வைங்க. புடவை டிசைன் மேல எழுத்து தெரியலன்னா எழுத்துக்குக் கீழ மட்டும் ஒரு கருப்பு மங்கல் ஓட விடுங்க, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1ங்கற கான்ட்ராஸ்ட்டாவது இருக்கணும்.

ஃபைல் பேரு, லொகேஷன், உரிமை

ஃபைல் பேர இங்கிலீஷ் சின்ன எழுத்துல, நடுவுல ஹைஃபன் போட்டு, என்ன புடவைன்னு தெரியுற மாதிரி வைங்க. தமிழ்ல வைக்கலாமான்னு கேட்டா வைக்கலாம், வேலை செய்யும், ஆனா லிங்க்க காப்பி பண்ணினா தமிழ் எழுத்து ஒண்ணுக்கு 9 கேரக்டரா விரியும், "கி"ன்னா ககரத்துக்கு 9, கொக்கிக்கு 9, மொத்தம் 18. "சுங்குடி"ங்கற ஒரு வார்த்த வாட்ஸப்ல முக்கா மைல் நீளம் போகும்.

வீட்டுல எடுத்த போட்டோன்னா அதுக்குள்ள ஜிபிஎஸ் லொகேஷன் ஒளிஞ்சிருக்கும், எக்ஸிஃப்னு பேரு. ஸ்கூஷ்ல போட்டு எடுத்தா அது கழண்டுரும். இன்னொண்ணு, டிசைனர்கிட்ட இருந்தோ கடைல இருந்தோ போட்டோ வாங்குறப்ப வாட்ஸப்ல சாதாரணமா அனுப்பச் சொல்லாதீங்க, அமுக்கிக் கொன்னுரும். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

கூகுள்ல தேடி எடுத்த படம் யாரோ ஒருத்தரோடது. நம்ம நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்குத்தான் முதல் உரிமை, நீங்க காசு குடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்னீங்கன்னா, வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும், உரிமை உங்களோடது. விக்கிமீடியா காமன்ஸ்ல எடுக்குறீங்கன்னா ஒவ்வொரு படத்துக்கும் கீழ உள்ள லைசென்ஸப் படிங்க, பெரும்பாலானதுல எடுத்தவர் பேர போட்டே ஆகணும். மத்த எடத்துல என்சின்னு, அதாவது வியாபாரத்துக்குக் கூடாதுன்னு, போட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் படம் கடைக்கு ஆகாது. புடவை கட்டிட்டு நின்ன பொண்ணுகிட்டயும் தனியா ஒரு வார்த்த கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, எங்களுக்கு நின்னது அத்தை மகதான், அவளுமே "என்னோட கல்யாணப் பேச்சு முடியுற வரைக்கும் மூஞ்சி வேணாம்"னுட்டா, கழுத்துக்குக் கீழதான் எடுத்தோம். ஏஐய விட்டு பேக்ரவுண்ட மாத்துறவங்க மாத்தினதுக்கப்புறம் பார்டர உத்துப் பாருங்க, எனக்கு ஒரு தடவ ஏழு வரிசைப் புள்ளி ஒன்பது வரிசையா வந்துச்சு. கடைல இல்லாத புடவைய வித்த மாதிரி ஆகிரும்.

வாட்ஸப் முன்னோட்டம்

நம்ம ஊர்ல சைட்டுக்கு வாசல் கூகுள விட வாட்ஸப்தான். லிங்க்க அனுப்புறப்ப சின்னதா ஒரு படம் வருதே, அத ஓஜி இமேஜ்னு ஒரு மெட்டா டேக் முடிவு பண்ணுது. 1200க்கு 630 அளவுல, ரெண்டு மூணு நூறு கேபிக்குள்ள, முக்கியமானது நடுவுல இருக்குற மாதிரி வைங்க, ஏன்னா சில நேரம் சதுரமா வெட்டிரும். படத்த மாத்திட்டு அனுப்பினா பழைய படமே வரும், மாறலன்னு பதறாதீங்க, அது சேத்து வச்சதக் காட்டுது. லிங்க் கடைசில ஒரு கேள்விக்குறி போட்டு வி ஈக்வல் டு 2ன்னு சேத்து அனுப்புங்க, புதுசா எடுத்துக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் பக்கத்தோட வேகத்த அளக்குற கூகுளோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல லிங்க்கப் போட்டு மொபைல் ரிசல்ட்டப் பாருங்க, எந்தப் படம் பெருசுன்னு பேர் சொல்லிக் காட்டிக் குடுக்கும். அப்புறம் வீட்டுலயே பழசா இருக்குற போன எடுத்து, வைஃபைய அணைச்சிட்டு, கூட்டம் உள்ள ஒரு எடத்துல நின்னு திறங்க. நான் அதே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல, சாயங்காலம் ஆறு மணிக்கு, காலேஜ் பசங்க அத்தன பேரும் ரீல்ஸ் பாத்துட்டு இருக்குற நேரத்துல நின்னு பாத்தேன். முகப்புப் பக்கம் இப்ப 900 கேபிக்குள்ள, முதல் புடவை ரெண்டு செகண்ட்ல வந்துருச்சு.

இப்ப அத்தையோட புகார் வேற. "அந்த அரக்கு வித்துருச்சுடா, படத்த எடுத்துரு, ஆளாளுக்கு அதையே கேக்குறாங்க." எடுக்கல. எடுத்தா ஏற்கனவே வாட்ஸப்ல சுத்துற லிங்க்கெல்லாம் உடைஞ்சுரும், கூகுள் படத்துல இருந்து வர்றவங்களும் வெறும் பக்கத்துல முட்டிட்டுத் திரும்பிருவாங்க. படத்துக்குக் கீழ எழுத்துல "வித்தாச்சு"ன்னு போட்டு, பக்கத்துலயே அதே கலர்ல இருக்குற இன்னும் மூணு புடவைய வச்சுட்டேன்.